எல்லோருக்கும் ஒன்பது புள்ளி எட்டு

புதிதாக இயற்பியல் பாடம் எடுக்க வந்திருக்கும் நீங்கள், என்னை எதற்காக எழுதித் தரச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். தருமபுரி மாவட்டத்தில் செய்முறைத் தேர்வு என்றால் என் பெயரைச் சொல்வார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் பிராக்டிகலில் மதிப்பெண் இழந்ததாக யாரும் சொல்ல முடியாது. அது எப்படி முடிந்தது என்பதுதான் உங்கள் கேள்வி. சொல்கிறேன். படித்து முடித்ததும், இதை வேறு ஆளிடம் கேட்டிருக்கலாமே என்று தோன்றினால் நான் வருத்தப்பட மாட்டேன்.

தனி ஊசல் சோதனையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இதை வீட்டில் வேறு யாராவது எடுத்துப் படிக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நூல், அதன் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு, பக்கத்தில் ஒரு ஸ்டாப் கிளாக். குண்டை லேசாக இழுத்து விட்டு, அது இருபது முறை போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தையும் நூலின் நீளத்தையும் வாய்பாட்டில் போட்டால் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும். கீழே விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி எவ்வளவு கூடுகிறது என்ற கணக்கு அது. விடை 9.8 என்று புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியர் இருந்தார். பிள்ளைகளுக்காக உயிரை விடுவார். என் மாணவன் ஒருவன் 9.3 என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர் ஊசலையா பாக்கப் போறாரு? கடைசி வரியத்தான் பாப்பாரு. புள்ளைங்க வயித்துல அடிக்காதீங்க."

அன்றைக்கே அவர் எனக்கு வழியும் காட்டிவிட்டார். முதலில் 9.8 என்று எழுதிக்கொள்ள வேண்டும். வாய்பாட்டைத் தலைகீழாகப் போட்டு, அந்த விடை வருவதற்கு எத்தனை நொடி ஆகியிருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கடைசி இலக்கத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலைத்துவிட்டால், பார்க்கிறவர்களுக்கு உண்மையாகவே அளந்தது போல இருக்கும். குண்டு ஆட வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அந்த வருடம் முடிவு வந்ததும் கூச்சம் போய்விட்டது. அடுத்த வருடத்திலிருந்து நானே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். அவரைவிட நன்றாகவே சொல்லிக் கொடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் அதற்கு நான் ஒரு பெயர் வைத்தேன். "விடை தெரியும்ல கண்ணு? அங்க போயி நின்னுக்க. அப்படியே பின்னாடி நடந்து வா. வழியெல்லாம் ரீடிங் கெடக்கும், பொறுக்கிக்க." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பின்னாடி நடப்பது என்பது என் ஆய்வகத்தில் ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. அதில் எனக்குப் பெருமை வேறு.

இது ஏதோ நான் மட்டும் செய்த திருட்டு என்று நினைக்க வேண்டாம். நம் தொழிலில் இது ஊரறிந்த வழக்கம். உங்களில் பாதிப் பேர் இப்படித்தான் தேறி வந்திருப்பீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், நானும் அப்படித்தான்.

இனி நஸ்ரினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில காலம் முன்பு, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு இருந்த நாட்களில், பென்னாகரம் வட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு என்னை வெளித் தேர்வாளராகப் போட்டார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே இயற்பியல் ஆசிரியை என் பழைய மாணவி. மஞ்சுளா என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் படித்த பெண் என்றாலும் இன்று அவரும் முதுகலை ஆசிரியர், ஆகையால் அவர் என்றே எழுதுகிறேன். பேருந்தை விட்டு நான் இறங்குவதற்குள் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டார்.

"சார், நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சதும் புள்ளைங்ககிட்ட சொல்லிட்டேனுங்க. எனக்கே சொல்லிக் குடுத்த சார் வர்றாரு, பயப்படாதீங்கன்னு."

முதல் நாள் எல்லாம் சரியாகவே நடந்தது. அந்த ஆய்வகத்தில் ஓடுகிற நிலையில் ஒரே ஒரு ஸ்டாப் கிளாக்தான் இருந்தது. அதனால் ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊசல். வந்த விடைகள் 9.78, 9.81, 9.79 என்று இருந்தன. நான் கடைசி வரியைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் நாள் மதியம் ஒகேனக்கல்லிலிருந்து வறுத்த மீன் வரவழைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளரைச் சாப்பாட்டால் அடிப்பது நம் ஊர் மரியாதை, உங்களுக்கே தெரியும். நானும் முள்ளை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, கடைசிக் குழுவைப் பார்க்கப் போனேன். அந்தக் குழுவில் ஊசல் நஸ்ரினுக்கு விழுந்திருந்தது. பென்னாகரத்தில் பை தைக்கும் கடை வைத்திருப்பவரின் மகள்.

மற்றப் பிள்ளைகள் எழுதி முடித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் குண்டை இழுத்து விடுவதும், எண்ணுவதும், எழுதுவதும், மறுபடி இழுத்து விடுவதுமாக இருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. நான் பக்கத்தில் போனதும் எழுந்து நின்றாள்.

"சார், எனக்குத் தப்புத் தப்பா வருதுங்க சார். இன்னொரு தடவ எடுத்துக்கட்டுங்களா?"

தாளைப் பார்த்தேன். 10.5 என்று இருந்தது. அடித்துவிட்டு மறுபடி எடுத்திருந்தாள். அதுவும் 10.5. அதற்குக் கீழே 10.4.

இந்தத் தப்பு எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். குண்டை விடும்போதே ஒன்று என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது எண்ணிக்கையில் ஓர் ஆட்டம் குறையும், விடை கூடிப் போகும்.

"எதுல இருந்து எண்ணுன?"

"பூஜ்யத்துல இருந்துங்க சார்."

"எண்ணிக் காட்டு பாக்கலாம்."

எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. சரியாகவே எண்ணினாள். நூலை நானே அளந்தேன், அதுவும் சரி. பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவளை நகரச் சொல்லிவிட்டு, நானே குண்டை இழுத்து விட்டேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரு ஊசலை நான் உண்மையாகவே அளந்தது அன்றைக்குத்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் 10.5 வந்தது.

அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் நஸ்ரினைப் பார்த்துக் கிசுகிசுப்பது என் காதில் விழுந்தது.

"ஏய், பின்னாடி நடடி."

எனக்குக் கை நின்றுவிட்டது. அது என் ஆய்வகத்துப் பேச்சு. நான் வைத்த பெயர். இந்தப் பள்ளியில் நான் ஒரு நாள்கூடப் பாடம் எடுத்ததில்லை. இந்தப் பிள்ளைகளை முந்தின நாள்தான் முதன்முதலில் பார்க்கிறேன்.

கேட்காதது போல இருந்துகொண்டு ஸ்டாப் கிளாக்கை எடுத்தேன். என் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். கைக்கடிகாரம் ஒரு நிமிடத்தைத் தாண்டியபோது, ஸ்டாப் கிளாக் இன்னும் இரண்டு நொடி பின்னால் கிடந்தது. மறுபடி பார்த்தேன். அதே இரண்டு நொடி. கடிகாரம் மெதுவாக ஓடினால் குண்டு வேகமாக ஆடுவது போலத் தெரியும், ஈர்ப்பு முடுக்கம் கூடிப்போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக 10.5 வரவேண்டும். அந்தக் கடிகாரத்தை நம்பினால், பென்னாகரத்தில் மட்டும் பூமி கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறது.

பூமியின் இழுப்பை விடுங்கள். அந்தக் கடிகாரத்தில் 9.8 வரவே வராது. அப்படியென்றால் முந்தின நாளும் அன்று காலையும் இதே கடிகாரத்தை வைத்துக்கொண்டு 9.78, 9.81 என்று எழுதிய பிள்ளைகள் யாருமே அதைப் பார்க்கவில்லை. அந்தப் பள்ளியில் அந்தச் சோதனையை உண்மையாகச் செய்தவள் நஸ்ரின் ஒருத்திதான். அவள்தான் அழுகிற முகத்தோடு நிற்கிறாள்.

மஞ்சுளாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, இந்த கிளாக் எத்தன நாளா இப்படி ஓடுது?"

அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். "தெரியாதுங்க சார். அதப் பாத்து யாருங்க ரீடிங் எடுக்கறாங்க?"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் கறுத்துவிட்டது.

"இந்தப் புள்ள மட்டும் எப்படி எடுத்துச்சு?"

"ரீடிங் போடறது சொல்லிக் குடுத்த வாரம் அது லீவுங்க சார். அவங்க வூட்ல அக்கா கல்யாணம். வந்ததும் சொல்லணும்னு இருந்தேனுங்க, மறந்தே போச்சு. அது கொஞ்சம் மெதுவா செய்யற புள்ளைங்க சார். மன்னிச்சுக்கங்க."

மன்னிப்புக் கேட்டாரே, எதற்கு என்று பார்த்தீர்களா? ஒரு பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க மறந்ததற்கு. எனக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தினேன்.

"நீ என்ன வேலம்மா பண்ணி வெச்சிருக்க? நான் எழுதி வெச்சிட்டுப் போனா உன் கதி என்ன ஆகும் தெரியுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"சார், நீங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததத்தான் நானும் சொல்லிக் குடுத்தேனுங்க. வேற எனக்கு என்ன தெரியும்?"

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். என்னை உதாரணமாக வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார், அவ்வளவுதான். நம்பிக்கையோடு சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. என் பையை வாங்க ஓடி வந்தது, மீன் வரவழைத்தது, எனக்கே சொல்லிக் கொடுத்த சார் என்று பிள்ளைகளிடம் சொன்னது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. 

இனி நான் முடிவெடுத்த விதத்தைக் கவனியுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு வராந்தா வரும். கடிகாரம் பழுது, அந்தப் பெண்ணின் விடை சரி என்று தாளில் குறிப்பு எழுதுவதுதான் முறை. எழுதினால், அதே கடிகாரத்தில் 9.8 எழுதிய தாள்கள் எல்லாம் கேள்விக்குள்ளாகும். அவற்றில் என் கையெழுத்தும் இருக்கிறது. மஞ்சுளாவுக்கு மெமோ வரும். விசாரணை என்று வந்தால், உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று அவரைக் கேட்பார்கள். நான் பிள்ளைகளுக்காக யோசித்தேன், மஞ்சுளாவின் வேலைக்காக யோசித்தேன் என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கடைசிக் கேள்வியை நினைத்துத்தான் பயந்தேன். அதுதான் உண்மை.

கடைசியில் ஒரு பாதி நியாயம் கண்டுபிடித்தேன். குறிப்பு எதுவும் எழுதுவதில்லை, ஆனால் 10.5 என்ற விடைக்கே நஸ்ரினுக்கு முழு மதிப்பெண் போட்டுவிடுவது. மஞ்சுளாவிடம் சொன்னேன். "சரிங்க சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தப் பிள்ளையிடம் போய், நீ எடுத்ததுதான் சரி என்று சொல்ல வேண்டும் என்ற நினைப்போடுதான் உள்ளே போனேன்.

நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவில் நின்றதில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. தன் விடையைப் பார்த்ததும் பெரிய சார் கடிகாரத்தைக் கழற்றி வைத்துப் பார்க்கிறார், டீச்சரை வெளியே கூப்பிட்டுச் சத்தம் போடுகிறார் என்றால் ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளை என்ன நினைக்கும்? தன்னால்தான் டீச்சருக்குத் திட்டு விழுகிறது என்று நினைக்கும். நஸ்ரின் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். பக்கத்து மேசைப் பெண் வந்து உட்கார்ந்து, வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் நஸ்ரின் எழுந்து ஒரு புதுத் தாளை நீட்டினாள். முகத்தில் அத்தனை வெளிச்சம்.

"சார், வந்துருச்சுங்க சார்!"

9.79.

பழைய தாளை வாங்கிப் பார்த்தேன். அவள் உண்மையாக எடுத்த அளவீடுகள் எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து, கோணாமல், அழகாக அடித்திருந்தாள். மஞ்சுளா என் பக்கத்தில் நின்றார். மற்றப் பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். மணியும் அடித்துவிட்டது.

"உன் விடை சரியாத்தாம்மா இருந்துச்சு, கடிகாரம்தான் தப்பு." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. புதுத் தாளில் முழு மதிப்பெண் போட்டேன். போட்டுவிட்டு, "குட்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை. மதிப்பெண் போட்டதைக்கூட நியாயப்படுத்திவிடலாம், அவள் உழைப்புக்குச் சேர வேண்டியதுதானே என்று. ஆனால் எதற்கு மதிப்பெண் கிடைத்தது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டு போயிருக்கும்? ஊசலை மறுபடி மறுபடி அளந்தபோது கையில் எதுவும் இல்லை. அடித்துவிட்டு எழுதியபோது முழு மதிப்பெண்ணும், பெரிய சாரின் பாராட்டும். "ரொம்ப தேங்க்ஸுங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவளுக்கு என்ன பாடம் நடத்தி அனுப்பினேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெட்கக்கேடு. வேறு சொல் இல்லை.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான், அதையும் உங்களுக்கு உபதேசமாகச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஊசலையும் கடிகாரத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒருவனுக்கு 9.5 வரும், ஒருத்திக்கு 10.1 வரும். நூல் இழுபடும், கை தாமதமாகும், மின்விசிறிக் காற்றுக்குக் குண்டு கோணிக்கொண்டு ஆடும். அதெல்லாம் வந்தால்தான் பிள்ளைகள் அளந்திருக்கிறார்கள் என்று பொருள். ஏன் கூடிற்று, ஏன் குறைந்தது என்று உட்கார்ந்து பேசுவதில்தான் விசையும் இயக்கமும் அவர்களுக்குப் புரியும். எல்லோருக்கும் ஒன்றே வந்தால் பயப்படுங்கள். கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள். வராந்தாவில் யாரைத் திட்டினாலும், முதலில் உள்ளே போய், அழுகிற பிள்ளையிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்து திட்டுங்கள்.

ஊருக்கு வந்தபின் நான் செய்த ஒரே காரியம், தருமபுரியில் ஒரு நல்ல டிஜிட்டல் ஸ்டாப் கிளாக் வாங்கி அந்தப் பள்ளிக்கு அனுப்பி வைத்ததுதான். மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாதவன் பொருள் வாங்கி அனுப்புவான். அடுத்த வருடம் மஞ்சுளா போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"சார், நீங்க அனுப்புன கிளாக் சூப்பருங்க சார். இந்த வருசம் பிளஸ் ஒன் புள்ளைங்க எல்லாருக்கும் கரெக்டா 9.8 வந்துருச்சுங்க!"

எல்லாருக்கும் என்றார்.  நஸ்ரின் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டேன்.

"அதுங்களா? இப்ப பிளஸ் டூங்க சார். முன்ன மாதிரி இல்லைங்க, கெட்டிக்காரி ஆயிட்டா. லேப்ல எனக்கு வேலையே வெக்கறதில்ல. பிளஸ் ஒன் புள்ளைங்களுக்கு ஊசல் ரீடிங் போட அவதாங்க சார் சொல்லித் தர்றா."